தம்பி அடித்த கோல்

யூன் 14, ஞாயிறு. வின்டர்தூர், சுவிஸ்.

ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர் உதைபந்தாட்டம்; பிள்ளைகளும் ஆடலாம். அப்பாவின் கல்லூரி அணி இந்த முறையும் தம்பியை வெளியே உட்காரவைத்தது. எதிர்க் கல்லூரிக்கு ஆள் குறைவு. கேட்டார்கள், போய்விட்டான். கடைசி நிமிடத்தில் அப்பாவின் அணிக்கே கோல் அடித்தான்.

அப்பா, அம்மா, நான், மூவரும் கல்லூரிச் சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

"என்ன அண்ணை, பெடியனை வித்துப்போட்டியளோ?" என்று யாரோ சிரித்தார்கள். வீடு வந்ததும் அப்பா தம்பியைப் பார்க்காமலே அறைக்குள் போனார்.

பெற்ற பிள்ளையைவிட, முப்பது வருடத்துக்கு முன் விட்டுவந்த பள்ளிக்கூடமா பெரிது? அப்பாவிடம் கேட்கத்தான் எழுந்தேன். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பி தடுத்தான்.

"அவரை விடு. நீ ஏனக்கா கை தட்டேல்லை?"

இன்னும் அந்தச் சட்டையோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.