வெந்நீர் காணாத வாகைத் துணி

ஏழு ஆறுகள் காக்கும் பொன்வரை நாட்டின் பேரரசி இளங்கண்ணிதேவியாரின் திருவுளப்படி, தலைமை அமைச்சர் அறவாணர் விடுக்கும் ஓலை. கூர்வேல்கோட்டைத் தலைவர் காரிமாறர் இதை நின்றபடியே கேட்பாராக. மதில் உறுதியாய் நிற்க. உள்ளிருப்போர் நோயின்றி வாழ்க. இவ்விரண்டாம் வாழ்த்தைப் பலிக்கவிடாதவர் நீர் என்பதாலேயே இவ்வோலை வருகிறது.

மற்போரில் வென்றவன் முகம் துடைத்த துணியை வீரர் அனைவரும் தம் முகத்தில் ஒற்றிக்கொள்வதும், துவைத்தால் வெற்றி கழுவப்பட்டுவிடும் என்று அதை அப்படியே வைத்திருப்பதும் உம் கோட்டை வழக்கம். பதினெழுவர் முகத்தில் தேன் உறைந்தாற்போலப் பொருக்குக் கட்டிய புண்கள் தோன்றவே, அரண்மனை மருத்துவர் வெண்ணியார் அங்கு வந்தார். புண்ணின் கசிவில் கண்ணுக்குத் தெரியாத நோய்வித்து இருப்பதையும், கீறல் கண்ட தோலே அதற்கு வாசல் என்பதையும், ஈரத்துணி அதை ஆள்விட்டு ஆள் கடத்தும் ஓடம் என்பதையும் அவர் சலிப்பின்றி விளக்கினார். கொதித்தாறிய நீரில் பொருக்கை ஊறவைத்து மெல்ல எடுத்து மருந்திடவும், ஆளுக்கொரு துணி தந்து அதை நாள்தோறும் வேகவைக்கவும் சொன்னார். நீரோ வீரர்கள் சிரிக்கும்படி, “அம்மையே, சோற்றை வேகவையும், எம் வெற்றியை வேகவைக்காதீர்” என்றீர்.

மருந்தால் ஆறிய முகங்களில் அத்துணி மீண்டும் புண்ணைக் கொணர்ந்தது. மல்லன் ஆதன் தன் கணுக்கால் சிராய்ப்பையும் அத்துணியாலேயே துடைத்தான். இன்று அவன் கால் சிவந்து வீங்கி, அனலாய்க் கொதிக்கிறது. சிவப்பின் விளிம்பை ஒட்டி வெண்ணியார் கரியால் ஒரு வளையம் வரைந்தார். சிவப்பு உள்ளே சுருங்கினால் மருந்து வெல்கிறது, வெளியே கடந்தால் நோய் வெல்கிறது. இதைவிட நேர்மையான ஒற்றன் இல்லை என்பது அவர் சொல். நண்பகலில் சிவப்பு வளையத்தை இருவிரல் கடந்தது. அந்தி சாயுமுன் முழங்காலைத் தொட்டது. “வெட்டுவதானால் இடக்காலை எடுங்கள் அம்மா, வலக்கால் எனக்கு ஊன்றுகால்” என்றானாம் ஆதன். நோய் கண்டதோ வலக்கால். இவ்வளவும் வெண்ணியார் எமக்கு எழுதிய ஓலையில் உள்ளவை.

ஆதலால், அத்துணியை உம் கையாலேயே வீரர் முன்னிலையில் கொதிநீரில் இடுவீராக. ஆதனை ஆற்றங்கரை மருத்துவச்சாலைக்குச் சுமந்துவரும் கட்டிலின் முன்கால் உம் தோளில் இருக்கட்டும். வழி ஒரு காதம். தோள் மாற்ற உமக்கு மட்டும் இசைவில்லை. அவன் முனகல் ஒவ்வொன்றும் உம் செவியில் விழவேண்டும் என்பது தேவியார் ஆணை.

நாரை முத்திரை பொறித்தோம். ஓலை கேட்ட நாழிகையிலேயே கட்டிலைத் தூக்குக.