துரையின் தூண்டிலும் எங்கள் குளமும்

அனுப்புநர்:
நிஸ்தாரிணி தாசி,
காலஞ்சென்ற உமாசரண் பாலின் மனைவி,
கதம்பதாங்கா கிராமம், சிவகஞ்சு ஜில்லா.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
உயர் நீதிமன்றம், கல்கத்தா.

பொருள்: ஜில்லா நீதிபதி ஹெண்டர்பி துரையவர்கள் கப்பலேறுமுன் எங்கள் குளத்து வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டுவது.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இறந்ததும், வீட்டுக் குளம் யாருக்கு என்று அவருடைய அண்ணன் பவதாரண் பாலுக்கும் எனக்கும் வழக்கு வந்தது. துரையவர்கள் அப்போது மீசை அரும்பிய உதவி நீதிபதி. தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும் மீன் பிடிக்கக்கூடாதென்று உத்தரவிட்டார். குளத்தைப் பார்வையிட வந்தபோது தூண்டிலும் கொண்டுவந்தார்.

2. பிறகு ஒரிஸ்ஸாவுக்கு மாற்றலாகிப் போனார். வழக்கைத் தொட வேறு யாரும் துணியவில்லை. ஜில்லா நீதிபதியாகத் திரும்பியதும் அதைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். பைத்தியக்காரி, நான் பூரித்துப்போனேன். சீமைக்குப் போய் மணம் முடித்து வந்தார். துரைசானி அம்மாளும் கரையில் குடை பிடித்து அமர்ந்தார். குளிர்காலம் தவறாமல் பார்வையிடல் நடந்தது. எங்கள் ரோகு மீன்கள் பெருத்தன, துரையவர்களும் பெருத்தார், நரைத்தார். தீர்ப்பு மட்டும் வரவில்லை.

3. அவர் கெட்டவர் அல்லர். மற்ற வழக்குகளில் நியாயம் தவறாதவர் என்றே ஊர் சொல்கிறது. இந்தக் குளத்தை விட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது, ஐயா.

4. பால்குன மாதம் என் மகன் தீனநாத்துக்குக் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மஞ்சளோடு பெண் வீட்டுக்கு எங்கள் குளத்து ரோகு போக வேண்டும். துரையவர்களோ ஓய்வு பெற்று அதற்கு முந்தைய மாக மாதமே கப்பலேறுகிறார். புதியவர் வந்தால் விசாரணை முதலிலிருந்து தொடங்கும்.

5. தம்பி மனைவியுடன் மூத்தவர் நேரில் பேசுவது எங்களில் வழக்கமில்லை. ஆகவே பவதாரண் பால் எதிர்க்கரையில் நின்று தம் பசுவிடம் சொன்னார்: "கேட்டியா மங்களா, துரை போயிட்டா நாங்க செத்தாலும் இந்தக் கேஸு முடியாது. நம்ம பையன் கல்யாணத்துக்குச் சந்தை மீனா? த்தூ!" நானும் வேலியைப் பார்த்து, "யார் ஜெயிச்சா என்ன, வலை போட விட்டாப் போதும்" என்றேன்.

6. ஆகையால், எனக்குப் பாதகமாயினும் சரி, தீர்ப்பை உடனே சொல்லச் செய்யுமாறு கும்பிட்டுக் கேட்கிறேன். சிவகஞ்சில் எந்த மனு எழுத்தரும் துரையவர்களைக் குறித்துப் பேனா எடுக்கத் துணியவில்லை. அதனால் எழுத்து சுமாராக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

இடம்: கதம்பதாங்கா
நாள்: பௌஷ மாதம் 12, வங்காள ஆண்டு 1296

தங்கள் பணிவுள்ள,
நிஸ்தாரிணி தாசி
(இடது பெருவிரல் ரேகை)

நான் கதவுக்குப் பின்னால் நின்று சொல்ல, முற்றத்தில் அமர்ந்து எழுதியவர்:
பவதாரண் பால், எதிர்வாதி.