எட்டேகால் பஸ்ஸும் இரண்டு வாழைப்பழமும்

என் தனம் மதினி,

டின்னைத் திறந்துவிட்டோம்! நேற்று சாயங்காலம், தெப்பக்குளத்துச் சுவரில், நீ வழக்கமாக உட்காரும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு. காலையில் பால் காய்ச்சினேன், பொங்கவிட்டேன். துடைத்துவிட்டு மறுபடி காய்ச்சினேன், அதையும் பொங்கவிட்டேன். போதும்டா சாமி என்று அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இதை மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள். நீயும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்புறம் என் கணேசன் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மதினியாக வந்தாய். "மதினியப் போயி நீ, வா, போன்னு பேசுறவள எங்கயாச்சும் கண்டிருக்கீகளா" என்று அம்மா எம்புட்டோ திட்டினாள். நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கப்போவதில்லை.

நம் நாலு வீட்டுக்கும் ஒரே புத்தகம்தான். நீ, சிம்மக்கல் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ருக்மணி, பூக்கடை பாண்டியம்மா, நான். மர்ம நாவல் என்றால் உனக்கு உயிர். வாங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு கடைசி அத்தியாயத்தின் ஓரத்தைச் சிவப்பு நூலால் தைத்துவிடுவாய். தையல் வரைக்கும் படிக்கிறவள் அங்கே நிறுத்தி, முடிவு இதுதான் என்று தேதி காலண்டர் தாளின் முதுகில் எழுதி, மடித்து, பிஸ்கட் டின் மூடியில் நீ போட்ட ஓட்டை வழியாக உள்ளே தள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் நூலை வெட்டலாம். படித்து முடித்ததும் திரும்பத் தைத்து, புத்தகத்தையும் டின்னையும் அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். நாலு பேரும் முடித்த பிறகுதான் டின் திறக்கும். யார் சொன்னது தப்போ அவர்கள் மற்றவர்களுக்குப் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

இந்தத் தடவை புத்தகக் கண்காட்சியில் இருந்து நீ அள்ளிக்கொண்டு வந்தது 'எட்டேகால் பஸ்'. "தலைப்பைப் பாரு, உங்க அண்ணே போற பஸ்ஸு!" என்று சிரித்தாய். அம்புட்டுப் புத்தகம் குவிந்து கிடக்க, உனக்கு அதுதானா கண்ணில் படணும்?

ஏனென்றால் அதை எழுதியது நான்தான் மதினி. அட்டையில் இருக்கும் அந்த ஆம்பளைப் பெயர் நான் வைத்துக்கொண்டது. மத்தியானம் எல்லாரும் தூங்கும்போது ஒன்றரை வருஷம் எழுதினேன். பதிப்பாளரைத் தவிர ஒரு உயிருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரே புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "எழுதின பய வீட்ல நல்லா வாங்கியிருப்பான் போல" என்றார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

கதை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தேவி என்று ஒரு பொண்டாட்டி, சேகர் என்று ஒரு புருஷன், அவனுக்கு ஒரு தங்கச்சி. சேகர் தினமும் டிபனோடு எட்டேகால் பஸ்ஸில் வேலைக்குப் போகிறான். ஒருநாள் தேவி ஆபீசுக்குப் போன் போட்டால், அவர் வேலையை விட்டு நின்று எட்டு மாதம் ஆகிறதே என்கிறார்கள். அப்படியென்றால் இத்தனை நாள் எங்கே போனான்? அவன் சட்டைப்பையில் கிடக்கும் சாவி யார் வீட்டுச் சாவி? இதுதான் மர்மம். கோயம்புத்தூரில் நடப்பதாக எழுதியிருந்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு எனக்கு.

இனி வருவதைச் சொல்லத்தான் பயமாக இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் வேலை பார்த்த மில்லை மூடினார்கள். அவன் உன்னிடம் சொல்லவில்லை. பத்து மாதம், நீ கட்டிக்கொடுத்த டிபனைத் தூக்கிக்கொண்டு அதே எட்டேகால் பஸ்ஸில் ஏறி, திருப்பரங்குன்றம் மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்திருந்தான். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நான் பார்த்துவிட்டேன். மரத்தடியில், மடியில் டிபனோடு இருந்தான். "தனத்துக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போயிருவா. எம்மேல சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன்.

அதற்கப்புறமும் ரெண்டு மூணு தடவை அங்கே போய்ப் பார்த்தேன். ஒரு தடவை, "உங்க மதினி இப்பல்லாம் டிபனோட ரெண்டு வாழைப்பழம் வைக்கிறா. எனக்குத்தான் வாழைப்பழமே ஆகாதுன்னு அவளுக்குத் தெரியுமே, என்னாச்சு இவளுக்கு?" என்று கேட்டான். நான் என்னத்தைக் கண்டேன். பிறகு அவனுக்கு வேறு வேலை கிடைத்தது, பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் எனக்கு முடியவில்லை மதினி. என் உயிர்ச் சிநேகிதியிடம் பத்து மாதம் முகம் பார்த்துப் பொய் சொன்னவள் நான். அதுதான் கதையாக வெளியே வந்தது.

புத்தகம் உன் வீட்டில் இருந்த அந்த வாரம் நீ போன் போட்டாய். "ஏய் சாந்தா, உங்கிட்ட ஒண்ணு பேசணும். போன்ல வேணாம், நேர்ல வா" என்றாய். குரலில் சிரிப்பு இருந்ததா, கோபம் இருந்ததா? இன்றுவரை அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. "நாளைக்கு வாரேன் மதினி" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். நாலு நாள் உனக்குப் பயந்து ஒளிந்தேன். ஐந்தாம் நாள் காலையில் அண்ணன் போன் போட்டான். உன் நெஞ்சு நின்றுவிட்டது என்றான்.

மூன்று மாதமாக எனக்கு ஒரே கேள்விதான். படித்தாயா? கண்டுபிடித்துவிட்டாயா? என்மேல் கோபத்தோடயே போய்விட்டாயா?

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, "தனம் ஆரம்பிச்சு வச்சத நாம முடிக்கணும்ல" என்று ருக்மணிதான் புத்தகத்தையும் டின்னையும் உன் வீட்டில் இருந்து எடுத்துப் போனாள். இரண்டு நாளில் வந்து சொன்னாள்: "சாந்தா, தனம் முடிக்கல போல. செவப்பு நூலு அப்படியே இருந்துச்சு, வெட்டவே இல்ல." அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிஷமே அழுகையாக வந்தது. முடிவு தெரியாமலே போய்விட்டாயா? அதுவும் என் புத்தகத்தின் முடிவு?

அப்புறம் வாராவாரம் சுவரில் உட்கார்ந்து என் நாவலைக் கிழித்தார்கள் பார், நீ இருந்திருக்கணும்! பாண்டியம்மா சரத்தைத் தொடுத்துக்கொண்டே, "சாவி வச்சிருக்கான்ல? அப்ப சின்னவீடுதான். நான் எழுதிக் குடுக்கிறேன்" என்றாள். ருக்மணிக்குச் சேகர்மேல் பாவம். "பொய் சொல்றவன் எல்லாம் கெட்டவன் இல்லடி" என்றாள். தினமும் கடையில் நாற்பது பொய் சொல்கிறவள் நீ, அப்படித்தான் சொல்வாய் என்று பாண்டியம்மா பிடித்துக்கொண்டாள். கடைசியில், "இந்தத் தேவி இருக்காளே, சரியான மக்கு. எட்டு மாசமா ஒண்ணுந் தெரியலையாம். டீயில வேற உப்புப் போடுறாளாம்! எவளாச்சும் டீயில உப்புப் போடுவாளா?" என்றாள்.

"அது அவ இஷ்டம்! ஒரு சிட்டிகை போட்டா என்ன குடியா முழுகிப் போகும்?" என்று கத்திவிட்டேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொரி விக்கிக்கொண்டதாக நடித்தேன்.

என் முறை கடைசி. பத்து நாள் அந்த டின் என் வீட்டில், அரிசி டிரம்மின் மேல் இருந்தது. குலுக்கிப் பார்த்தேன். தாள் உரசும் சத்தம் கேட்டது. உள்ளே இரண்டா, மூன்றா? மூடியைச் சுற்றி நீ ஒட்டிய டேப்பை ஒருநாள் நகத்தால் நெம்பக்கூடச் செய்தேன். அப்புறம் வெட்கமாகிப் போய் திரும்ப அழுத்திவிட்டேன். என் கதையின் முடிவை நானே ஊகித்து எழுத வேண்டுமே, 'தேவிதான் கொலைகாரி' என்று எழுதிப் போட்டேன். கதையில் கொலையே கிடையாது.

நேற்று பாண்டியம்மா ஒரு காரியம் செய்தாள். "தனத்துக்குப் பதிலா அண்ணே வரட்டும்" என்று கணேசன் அண்ணனைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். அவன் புத்தகத்தைப் படித்ததே இல்லை. உன் சீட்டு இருந்தால் அவன் முன்னால் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஆயுசுக்கும் பதில் கிடையாது. எது நல்லது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாண்டியம்மா டேப்பைக் கிழித்தாள். முதல் சீட்டு அவளுடையதே: 'சின்னவீடு. சந்தேகமே இல்லை.' அடுத்தது ருக்மணி: 'வேறு ஊரில் ஒரு கல்யாணம் பண்ணியிருக்கிறான்.' அடுத்தது என் கொலைகாரி. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டின்னுக்குள் இன்னும் ஒன்று இருந்தது. இரண்டு காலண்டர் தாள், ஒன்றாகக் குண்டூசி குத்தி மடித்தது.

"இது தனம் எழுத்து" என்றான் அண்ணன். "குடு, நான் படிக்கிறேன்."

தடுக்கலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் ஆரம்பித்துவிட்டான். நீ எழுதியதை உனக்கே சொல்கிறேன், கேள்.

'சேகருக்கு சின்னவீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. போக எடம் இல்லாம மலையடிவாரத்துல உக்காந்திருக்கான். சாவி பழைய ஆபீஸ் பீரோ சாவி, குடுக்க மனசு வரல. தங்கச்சிக்காரிக்கு எல்லாந் தெரியும், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கிட்டா. எழுதினவன் ஆம்பளையாம். டீயில உப்புப் போடுறவ இந்த மதுரையிலயே ஒருத்திதான், அது சாந்தான்னு எனக்குத் தெரியாதா?

ஆனா கதையில ஒரு பெரிய தப்பு. டிபன் கழுவுறவளுக்குத் தெரியாமப் போகுமா? மூணாம் நாளே மூடியில குரங்கு பல்லு பட்ட தடம். மில்லுக்குள்ள ஏது குரங்கு? ஒருநாள் பின்னாடியே போயிப் பார்த்தேன். டிபனை ஒரு கையில ஒளிச்சுக்கிட்டு இன்னொரு கையால ரெண்டு குரங்கை வெரட்டிக்கிட்டு இருந்தாரு. மறுநாள்லருந்து ரெண்டு வாழைப்பழம் வச்சேன், அதுக ரெண்டும் அதைத் தின்னட்டும், மனுசன் நிம்மதியாச் சாப்பிடட்டும்னு. தெரிஞ்ச மாதிரிக் காட்டியிருந்தா அவரு தாங்கியிருக்க மாட்டாரு. இம்புட்டு வெவரமானவளைப் போயி மக்குன்னு எழுதியிருக்கா. நேர்ல வரச்சொல்லி நல்லா நாலு கேள்வி கேக்கணும். மத்தபடி கதை ரொம்ப நல்லாயிருக்கு. நூலை வெட்டல. எனக்குத் தெரிஞ்ச கதைதானே.'

அண்ணன் பாதியிலேயே தாளை நீட்டிவிட்டான், கடைசி வரிகளை ருக்மணி வாங்கிப் படித்தாள். முதலில் வாயைத் திறந்தது பாண்டியம்மாதான். "ஆத்தீ! ஏண்டி சாந்தா, நீயா? வாரம் வாரம் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியேடி, பாவி!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். ருக்மணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாண்டியம்மா அழவில்லை. "தெரியாமப் போச்சு. இப்பச் சொல்றேன், எட்டாவது அத்தியாயம் சவ சவன்னு இருக்கு" என்றாள்.

அண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பழத்தைத் தூக்கிப் போட்டா ரெண்டும் அந்தப் பக்கம் ஓடிரும். அதுக்கப்புறந்தான் சாப்பிடுவேன்" என்றான். "குரங்குக்குத்தான் வச்சிருக்கான்னு எனக்குத் தோணவே இல்ல சாந்தா. பத்து மாசமா அவளை ஏமாத்துறேன்னு நெனச்சு நெனச்சுச் செத்தேன்." எழுதினதுக்குக் கோபமா அண்ணே என்று கேட்டேன். "அவளே நல்லாயிருக்குன்னு எழுதிட்டா. நான் என்னத்தச் சொல்ல? ஆனா அந்தத் தப்பைத் திருத்திரு" என்றான். எல்லாருக்கும் அவனே பருத்திப்பால் வாங்கித் தந்தான். சரியாகச் சொன்னவள் நீ ஒருத்திதான், உனக்கும் ஒரு டம்ளர் வாங்கிச் சுவரில் உன் இடத்தில் வைத்தான்.

எனக்கு இப்போது குதிக்க வேண்டும் போல இருக்கிறது மதினி! என்னைக் கண்டுபிடித்துவிட்டாய். என்மேல் கோபம் இல்லை. கதை ரொம்ப நல்லாயிருக்காம்! 'ரொம்ப' போட்டிருக்கிறாய், அந்தச் சொல்லையே பத்துத் தடவை பார்த்துவிட்டேன். இனி யார் என்ன விமர்சனம் எழுதினாலும் எனக்கு அக்கறை இல்லை. ஆனால் உன் திட்டை நேரில் வாங்காமல் விட்டேனே, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. நாலு கேள்வி கேட்கணும் என்றாயே. ஒன்றுதானே எழுதியிருக்கிறாய், மற்ற மூன்றும் என்ன? யாரிடம் போய்க் கேட்பேன்?

காலையிலேயே பதிப்பாளருக்குப் போன் போட்டுவிட்டேன். அடுத்த பதிப்பில் தேவிக்கு மூன்றாம் நாளே எல்லாம் தெரியும். அவள் வாழைப்பழம் வைப்பாள். அட்டையில் சாந்தா என்று என் பெயர் இருக்கும். வந்ததும் முதல் புத்தகத்தைச் சிவப்பு நூலால் தைத்து, உன் வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு வருவேன். எட்டேகால் பஸ்ஸில் ஏறி, அன்றைக்கே. நாளைக்கு என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
நேரில் வரச் சொல்லியும் வராமல் போன
உன் நாத்தனார்
சாந்தா