பதினான்கு சென்டிமீட்டர்

ஜனவரி 19, திங்கள்

இன்று அலுவலகத்தில் என்னைத் தேடி ஒருவர் வந்தார். புகார் மனு இல்லை, நகல் விண்ணப்பமும் இல்லை. என்னைப் பேசக் கூப்பிட வந்திருக்கிறார்! இருபத்திரண்டு வருஷமாக மாநகராட்சிக் கட்டடப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். இதுவரை என்னைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொன்னவர்கள்தான் அதிகம்.

வந்தவர் கட்டடக் கலைஞர். ஒல்லி, பெரிய கண்ணாடி. அடுத்த மாதம் ஒன்பது நாள் விழா நடத்துகிறார்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய நவீன வீடுகள், அலுவலகங்கள், அந்தக் காலத்து நாற்காலி, விளக்கு, கார் என்று எல்லாவற்றையும் ஜனங்களுக்குத் திறந்துகாட்டி, இவற்றை இடிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் விழா.

அதில் பழைய பேருந்து நிலையமும் உண்டு. இருபத்தெட்டு மீட்டர் நீளக் கான்கிரீட் கூரை, நடுவில் இரண்டே தூண், இரண்டு பக்கமும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஊரே அதை 'றெக்கை' என்றுதான் சொல்லும். ஒன்றரை வருஷம் முன்பு அதை மூட வைத்தவள் நான். கிழக்கு முனை மேற்கு முனையைவிடப் பதினான்கு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. தொய்ந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்று ரிப்போர்ட் எழுதினேன். பிப்ரவரி 25 அன்று இடிக்கப்போகிறார்கள்.

அவர் கோபமாக வரவில்லை. வழக்குப் போட்டுப் பார்த்தார்களாம், தோற்றுவிட்டார்களாம். முறையாக வழியனுப்பவாவது செய்வோம் என்று விழாவின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜனங்களுக்கு அதைச் சுற்றிக்காட்டும் நடை ஒன்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கூரையின் மேல் ஏறிப் பார்த்த ஒரே ஆள் நான் என்பதால் நானே நடத்த வேண்டுமாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். கொஞ்சம் யோசிப்பதுபோல் நடித்திருக்கலாம்.

ஜனவரி 20, செவ்வாய்

எவ்வளவு நேரம் பேசணும் என்று இவர், என் வீட்டுக்காரர், கேட்டார். நாற்பது நிமிஷம் என்றேன். "பாவம், அவங்களுக்கு உன்னைப் பத்தித் தெரியாது" என்று சொல்லிவிட்டு மருந்துக்கடையைத் திறக்கப் போய்விட்டார்.

ஜனவரி 27, செவ்வாய்

கால் தரையில் பாவவில்லை. விழாவில் திறக்கப்போகும் நான்கு வீடுகளை இன்று சுற்றிப் பார்த்தேன். கட்டடக் கலைஞர் கூட்டிப்போனார். மாடிப்படியைப் பார்த்தால் ஆஹா, கதவுப் பிடியைப் பார்த்தால் ஆஹா, சுவரில் வெயில் விழுந்தால் ஆஹா. இனி இந்த நாட்குறிப்பில் அவர் பெயர் ஆஹா.

மூன்றாவது வீடு ஒரு பல் டாக்டருடையது. அங்கே ஒரு மாடிப்படி. ஒவ்வொரு படியும் சுவரில் ஒரு பக்கம் மட்டும் சொருகியிருக்கிறது. மறுபக்கம் பிடிமானமே இல்லை, அடியில் தாங்கலும் இல்லை. நாலு அங்குலக் கனம்தான். அறுபது வருஷமாக அந்த வீட்டுப் பிள்ளைகள் அதில் குதித்திருக்கிறார்கள், ஒரு கீறல் இல்லை. படி படியாகத் தட்டிப் பார்த்தேன். உள்ளே கம்பி எப்படி வளைத்திருப்பான், எத்தனை கம்பி போட்டிருப்பான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே மூன்று முறை ஏறி இறங்கினேன். நாலாவது முறை என் வாயிலிருந்தும் ஆஹா வந்துவிட்டது. ஒட்டுவாரொட்டி.

டாக்டரின் மனைவிதான் எங்களைக் கொஞ்சம் தரைக்கு இறக்கினார். கூடத்தில் கால்களை நாலாபுறமும் விரித்து நிற்கிற மேஜையைக் காட்டி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டே இருக்கிறேன் என்றார். விற்கவும் மனசு வரவில்லையாம்.

பிப்ரவரி 5, வியாழன்

நாத்தனார் சாப்பிட வந்தாள். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் றெக்கைக்கு வெளியே, தகர வேலியோரம் ரோட்டில் நின்றுதான் பஸ் ஏறுகிறாள். நடையைப் பற்றி நான் வாய் ஓயாமல் பேசியதைக் கேட்டுவிட்டு, "நல்லா பேசுங்க அண்ணி. அந்தக் கூரை எவ்வளவு அருமையானதுன்னு எங்களுக்குத் தெரியும், ஒன்றரை வருஷமா வெயில்ல நிக்கிறோம்ல" என்றாள்.

தலையில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் எழுதியது உயிரைக் காப்பாற்ற. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 11, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்க அழகாக இருக்க வேண்டும் என்று கூரையைக் கழுவ ஆஹா தீயணைப்பு வண்டிக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆட்கள் கூரையில் ஏற வேண்டாம், ஏணியிலிருந்தே அடியுங்கள் என்று சொல்ல நானும் போனேன். இவரும் வேடிக்கை பார்க்க வந்து, கிழக்கு முனைப் பக்கம் வேலியோரம் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

மேற்கு முனையில்தான் முதலில் தண்ணீர் அடித்தார்கள். இரண்டு நிமிஷம் ஒன்றும் இல்லை. திடீரென்று கிழக்கு முனையில் கூரை விளிம்புக்கு அடியிலிருந்து குருவிக்கூடு, காய்ந்த சேறு, உடைந்த காரை எல்லாம் பொலபொலவென்று கொட்டி, பின்னாலேயே தண்ணீர் ஒரே வீச்சாக வெளியே பாய்ந்து இவர் தலையில் விழுந்தது. அங்கே ஒரு வடிகால் வாய் இருக்கிறது! காரை பூசி மூடிவிட்டிருக்கிறார்கள். எந்த பிளானிலும் அது இல்லை. ஆஹா கைதட்டிக்கொண்டே ஓடினார். இவர் நனைந்த பிஸ்கட்டோடு நின்றார். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்போது ஏணியில் இருந்த தீயணைப்புக்காரர் மேலிருந்து சொன்னார்: "மேடம், தண்ணி எங்கயும் தேங்கலை. இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் சரசரன்னு ஓடுது."

சிரிப்பு நின்றுவிட்டது. கிழக்கு முனை மட்டும் தொய்ந்திருந்தால் மேற்கில் அடித்த தண்ணீர் ஏன் அங்கே போகிறது? சமமாக இருக்கும் நடுப்பகுதியில் அல்லவா நிற்க வேண்டும்? முழுக் கூரையுமே கிழக்கே சரிந்தால்தான் அப்படி ஓடும். முழுக் கூரையும் சரிந்திருந்தால் — அது தொய்வு இல்லை. அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். மழைத்தண்ணீர் வடிய.

ஐயோ, நடுவில் நான் அளந்தேனா?

அளக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாடகைக்கு எடுத்த தூக்கு வண்டியைப் பன்னிரண்டு மணிக்குத் திருப்ப வேண்டும். இரண்டு முனையையும் அளந்தேன். நடுவே கணக்கில் வந்ததை ஆபீசில் உட்கார்ந்து வளைகோடாக வரைந்தேன். அழகாக, மை பிசிறாமல்.

பிப்ரவரி 12, வியாழன்

லீவு போட்டேன். தீயணைப்பு நிலையத்தில் கெஞ்சி ஏணி வாங்கினேன். இவர் கடையை அரைநாள் மூடிவிட்டு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு என்னோடு கூரையில் ஏறினார். "விழும்னு எழுதினவளே ஏறுறா, எனக்கென்ன" என்று சொன்னாலும் மூச்சு வாங்கியது அவருக்கு.

மீட்டருக்கு ஒரு இடம், இருபத்தொன்பது இடம். ஒவ்வொன்றும் முந்தையதைவிட அரை சென்டிமீட்டர் இறக்கம். எங்கும் நாலு மில்லிமீட்டருக்கு மேல் பிசகவில்லை. தொய்ந்த கூரை வளையும். இது நூல் பிடித்தமாதிரி நேராகப் போகிறது! அறுபது வருஷம் முன்பு, கையால் கலவை கலந்து, மரப்பலகை அடித்து, இத்தனை நீளத்துக்கு இவ்வளவு துல்லியமாக ஒரு சரிவு. கூரையின் நடுவில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அதே மூச்சில் அழுதும்விட்டேன். என்னத்தைக் கிழிச்சேன் நான் இருபத்திரண்டு வருஷமா? ஒரு நாள், இன்னொரு மணி நேரம் வண்டியை வெச்சிருக்கக் கூடாதா?

இவர் அளவுகோலை நேராகப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிப்ரவரி 13, வெள்ளி

தலைமைப் பொறியாளரிடம் புது அளவுகளை எழுதிய கடிதத்தோடு போனேன். கெட்டவர் இல்லை. டீ வரவழைத்தார், கதவைச் சாத்தினார்.

"இத வெளிய விட்டா நீங்க எழுதின அத்தனை ரிப்போர்ட்டையும் தோண்டுவாங்கம்மா. உங்க பதவி உயர்வு ஃபைல் ஆணையர் மேஜைல இருக்கு. இன்னும் பன்னெண்டு நாள். இடிச்ச பிறகு எவன் வந்து அளக்கப்போறான்?"

இடித்த குப்பையோடு என் தப்பையும் சேர்த்து அள்ளச் சொல்கிறார். கடிதத்தை அவர் வாங்கவில்லை. தபால் பிரிவில் கொடுத்து எண் போட்டு வாங்கினேன். அங்கே இருக்கும் வேகத்துக்கு அது மேலே போக இருபது நாளாவது ஆகும்.

பிப்ரவரி 14, சனி

விழா தொடங்கிவிட்டது. ரசிக்கிற நிலையில் நான் இல்லை, ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீலக் கார் ஒன்று, பின்னால் மீன் துடுப்புமாதிரி. ஓட்டைச் செங்கல் சுவர்களுக்கென்றே ஒரு கண்காட்சி. ஆரஞ்சு நிற வட்ட நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுத்தார்கள். பல் டாக்டர் வீட்டு வாசலில் தெருமுனை வரை வரிசை.

ஆஹாவிடம் சொல்ல மூன்று முறை போனேன். மூன்று முறையும் அவர் வேறு எதையோ காட்டினார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நூற்றறுபது பேர் இருப்பார்கள். வேலிக்கு வெளியே நின்றார்கள். நாத்தனாரும் டியூட்டி முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். கூரையின் நீளம், தூண்களின் அளவு, எந்த வருஷம் என்று பத்து நிமிஷம் எழுதி வைத்ததைப் படித்தேன். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"இதை மூடச் சொல்லி ரிப்போர்ட் எழுதினது நான்தான். அது தப்பு. கூரையைச் சரிவாவே கட்டியிருக்காங்க. நான் ரெண்டு முனையை மட்டும் அளந்துட்டு நடுவுல நானா வரைஞ்சுட்டேன். வியாழக்கிழமை முழுசா அளந்தேன். இதுக்கு ஒண்ணும் ஆகலை."

ஆஹாவைப் பார்த்தேன். அவர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு அம்மா, பை நிறையக் காய்கறியோடு, கேட்டார்: "அப்ப நாங்க உள்ள வரலாமா?"

இன்னும் கூடாது, பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். எப்போது என்று நூற்றறுபது பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் நாத்தனார் என்னோடு நடந்தாள். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது. ஒன்றில் என் படம், கண் மூடியபடி. காலையில் மெமோ: அனுமதியின்றிப் பொதுக் கூட்டத்தில் பேசியது, பணியில் கவனக்குறைவு. இரண்டும் உண்மைதான். மத்தியானம் ஆணையர் உத்தரவு: இடிப்பு நிறுத்திவைப்பு, வெள்ளியும் சனியும் பாரச் சோதனை, வெளியூர் நிபுணர்கள் மூன்று பேர் முன்னிலையில். மெமோவைக் கையில் வைத்துக்கொண்டே துள்ளிக் குதித்தேன். பியூன் பயந்துபோனார்.

பிப்ரவரி 21, சனி

நேற்று காலை பத்து மணிக்குக் கூரை முழுக்க மணல் மூட்டை ஏற்றினார்கள். இருபத்துநாலு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். பதினோரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் தோல்வி, இடிக்க வேண்டியதுதான்.

கையெழுத்துப் போட்ட பொறியாளர் சோதனையின்போது அடியில் நிற்பது எங்கள் தொழிலில் எழுதாத வழக்கம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, பெரும்பாலும் யாரும் நிற்பதும் இல்லை. இன்று காலை கடைசி ஒரு மணி நேரம் நான் வேலியைத் தாண்டிப் போய் கிழக்கு முனைக்கு நேர் கீழே நின்றேன். நிபுணர்களில் மூத்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தடுக்காமல் விட்டார். பயம் இருந்தது. கணக்கு சரி என்று தெரியும். முன்பும் அப்படித்தான் தெரிந்தது.

பத்து நிமிஷத்தில் இவர் மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே போங்க என்று திட்டினேன். "நீ போயிட்டா என்னைத் திட்ட ஆள் வேணாமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே விழாக் கூட்டம் முழுக்க நின்றது, குடை பிடித்தபடி.

பத்து மணிக்கு அளவு படித்தார்கள். மூன்று மில்லிமீட்டர்!

மூட்டைகளை இறக்க இறக்கக் கூரையும் மேலேறி, கடைசியில் அரை மில்லிமீட்டர்தான் மிச்சம். மூத்த நிபுணர் அளவுமானியை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே எழுந்த சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆஹா வேலி மேல் ஏறி இந்தப் பக்கம் விழுந்தார். சட்டை கிழிந்தது, அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

நிறைவு விழா. ஆஹா நாற்பது நிமிஷம் பேசினார். இவர் என் பக்கம் திரும்பி, ஆள் உனக்குக் குறைச்சலில்லை என்றார்.

மார்ச் 10, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. பதவி உயர்வு இந்த முறை இல்லை. கழிவுநீர்ப் பிரிவுக்கு மாற்றம், ஊரின் அந்தக் கோடியில் அலுவலகம். இரண்டு பஸ் மாற வேண்டும். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். நாத்தனார் போன் செய்து, "அண்ணி, சாயங்காலம் வாங்க, சாப்பிடலாம்" என்றாள். போனேன்.

ஜூன் 8, திங்கள்

ஏழு ஐம்பது பஸ்ஸுக்காகப் போனேன். தகர வேலியை எடுத்து ஒரு வாரம் ஆகிறதாம். நல்ல மழை. கூரைக்கு அடியில் உட்கார ஒரு இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஆட்கள், காய்கறிக் கூடைகள், தூங்குகிற ஒருவர். நின்றபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் இருந்த பெண் என் முதுகில் லேசாகத் தட்டினாள். "மேல என்னங்க இருக்கு? வரிசை நகருது, போங்க."

நகர்ந்தேன்.