பெயர் கேட்காத கேள்வி

மே 9

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே மார்லிஸ் கேட்டாள், மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் பிரசாரத்தில் இறங்கட்டுமா என்று. நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு நிற்கும் ஒரு நர்ஸ், கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் கணவனிடம் வேறு என்ன கேட்பாள்? பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 17

நாடு முழுக்கக் கருத்துக்கணிப்புகளில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: உங்கள் தொகுதியில் எந்தக் கட்சிக்கு ஓட்டு? வேட்பாளர் பெயரே கிடையாது. அதில் எங்கள் கட்சி ஏழு சதவீதப் புள்ளி முன்னால். அதிபரின் பதவிக்காலம் பாதியில் இருக்கும்போது நடந்த பழைய தேர்தல்களோடு ஒப்பிட்டேன். ஒன்றில் கோடைக்கால முன்னிலை அக்டோபரில் கரைந்திருக்கிறது. இன்னொன்றில் கூடியிருக்கிறது. சிலர் எல்லா வாக்காளர்களையும் கேட்டிருக்கிறார்கள். சிலர் கட்டாயம் ஓட்டுப் போடுவேன் என்றவர்களை மட்டும். எதை எதோடு வைத்துப் பார்ப்பது?

மே 18

"வேலையை விட்டுடு, நம்ம கட்சிதான் ஜெயிக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது?

ஆகஸ்ட் 2

முன்னிலை நான்கு. அல்லது எட்டு, யாரைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து.

செப்டம்பர் 14

மாமனார் வீட்டில் சாப்பாடு. அவருக்கும் அந்தக் கருத்துக்கணிப்புக்காரர்கள் போன் செய்தார்களாம். எங்களை எதிர்த்து நிற்கும் கட்சி என்று சொல்லிவிட்டாராம். மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கட்சியைத்தானேம்மா கேட்டாங்க? உன்னைக் கேக்கலையே. கேட்டிருந்தா உன் பேரைத்தான் சொல்லியிருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். இவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? எங்கள் கட்சி என்று சொல்லிவிட்டு, பதினான்கு வருடமாக இந்தத் தொகுதி உறுப்பினராக இருக்கிற எதிர்த் தரப்பு ஆளுக்கே போடப்போகிறவர்கள் எத்தனை பேர்? எனக்கு ஒண்ணும் புரியலை — நெஜமாவே புரியலை.

தேர்தலுக்கு மறுநாள்

நாடு முழுக்க எங்கள் கட்சி ஆறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது. நான் சொன்னபடியேதான். மார்லிஸ் தோற்றுவிட்டாள்.

"நீ நாட்டுக்குக் கணக்குப் போட்டே, வெண்டல். நான் இங்கதானே நின்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஜனவரி 20

மருத்துவமனையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள்.

இன்று பெட்ரோல் பங்கில் ஒருவர் கை குலுக்கினார். மாவட்ட நிர்வாகக் குழுவில் காலியான இடத்துக்கு என் மனைவி நிற்கிறாளாமே, நல்லது என்றார். தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். கைப்பையில் துண்டுப் பிரசுரங்கள். வெளியே பனி முழங்கால் அளவு. பழைய தேர்தல் முடிவுகளை எடுத்துப் பார்க்கட்டுமா என்று வாய்வரை வந்தது. மண்வெட்டியை எடுத்துப்போய்க் காரைச் சுற்றிப் பனியை அள்ளினேன்.

எந்தத் தெரு என்று மட்டும் கேட்டேன்.