இருமச் சொல்லுங்கள்

செவ்வாய். விடாத மூடுபனி. துவைத்த சட்டை காயவில்லை.

போதும், ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது. இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

காலை ரவுண்ட்ஸ். கொட்டச்சேடு எஸ்டேட் பாப்பாத்தியம்மா, காப்பி பறிக்கிறவர். நேற்று குடல் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்தது நான். சீஃப் டாக்டர் முன்னால், பின்னால் ஒரு பட்டாளம்.

"வலி எவ்ளோம்மா? பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள?"

"வலியே இல்லீங்க சாமி. நீங்க பாத்துக்கிட்டா என்னுங்க கொறை?"

பூஜ்யம் என்று எழுதச் சொன்னார். கூட்டம் நகர்ந்தது. நான் பேனாவைத் தேடிக் குனிந்திருந்தேன். மருமகளிடம் அந்தம்மா: "நொம்ப வலிக்குது கண்ணு. அவருகிட்டச் சொல்லிப்போடாத. இத்தன பண்ணுனவரு, மனசு சங்கடப்படும்."

புதன். தூறல். பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பி.

இரண்டு ஊசிகளை ஒப்பிடும் சீஃபின் ஆய்வு முடிந்ததாம். வயிற்று ஆபரேஷனுக்குப் பின் வலி தெரியாமலிருக்க நரம்பை மரக்கவைக்கும் ஊசி. சிலருக்குப் பக்க வயிற்றில், சிலருக்கு முதுகுப் பக்கம். முதலாவது சுலபம். இரண்டாவது நேரம் பிடிக்கும். உள்வலியையும் ஓரளவு அடக்கும் என்பது என் அனுபவம். கேட்டால் இரண்டு தரப்பிலும் எல்லாரும் பூஜ்யம். ஆகவே இனி சுலபமானது மட்டும் போதுமாம். அடுத்த வாரம் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கமிட்டி முடிவு செய்யும்.

இந்த மலையில் யார் டாக்டர் முகத்துக்கு நேரே வலிக்குது என்பார்கள்? சீஃபிடம் சொன்னேன். நம்பர் கேட்காதீங்க, இருமச் சொல்லிப் பாருங்க. வலிச்சா இரும வராது.

"உங்க வீட்டம்மாவே வலி இல்லேன்னுதானே சொன்னாங்க?"

சிரித்துக்கொண்டே கேட்டான்.

ஸ்டெல்லா சொன்னாள்தான். போன மழைக்காலம், அவளுக்கும் வயிற்று ஆபரேஷன், அதே வார்டு, அதே சுலபமான ஊசி. சொந்த மனைவி என்று என்னைத் தியேட்டருக்குள் விடவில்லை. சீஃபிடம் "பரவால்லீங்க டாக்டர்." என்னிடம் அதுவும் இல்லை; கையைப் பிடித்துக்கொண்டாள். முதுகுப் பக்கம் ஒன்று போடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். பூஜ்யத்துக்கு எதுக்குய்யா ஊசி என்றான். வலிக்குப் பயந்து இருமவே இல்லை அவள். சளி கட்டி நிமோனியா. சார்ட்டில் கடைசிவரை பூஜ்யம்.

வியாழன். கொஞ்சம் வெயில். கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல மறந்தேன்.

பாப்பாத்தியம்மாவிடம் தனியாகப் போனேன்.

"ஒருக்கா இருமுங்கம்மா."

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. சீஃபைக் கேட்காமல், அவரிடம் மட்டும் சம்மதம் கேட்டு, முதுகுப் பக்கம் போட்டேன். மதியம் வார்டே திரும்பிப் பார்க்க இருமினார்.

நர்ஸ்: "ஏனுங்காத்தா, எஸ்டேட் வரைக்கும் கேக்குமாட்ட இருக்குது!"

"கேக்கட்டும் போ சாமி. இப்பத்தான் உசுரு வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள், நானும். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவுதான் வேண்டியிருந்தது அவளுக்கும்.

வெள்ளி. மறுபடி மூடுபனி.

கமிட்டிக்கு ஒரு பக்கம் எழுதினேன். நம்பரை நம்பாதீர்கள், இருமச் சொல்லிப் பார்த்து ஒப்பிடுங்கள் என்று. ஸ்டெல்லாவுக்கு நடந்ததையும் சேர்த்தேன். என் பெயரைப் போட்டால் பெண்டாட்டி செத்தவன் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள். போடவில்லை. எழுதியது நான் என்று சீஃபுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

என் பெயர் இல்லையென்றால் அவள் பெயரும் கூடாது. 'ஸ்டெல்லா' என்பதை அடித்துவிட்டு 'ஒரு பெண் நோயாளி' என்று எழுதினேன். இப்படியே தபாலில் சேர்க்கப் போகிறேன்.