கிராதி இல்லாத படம்

1946 பிப்ரவரி 19, செவ்வாய்.

தூக்கம் வரவில்லை. எங்கள் வயலில் வேலைக்கு வரும் மரியாள் கேட்டது காதிலேயே நிற்கிறது.

டிசம்பரில் ஊர் மாதா கோவில் திருவிழாப் பூசையில் நான் எடுத்த படத்தை, அரியலூர் ஸ்டூடியோவில் கழுவி எடுத்துவந்து இன்று அவளிடம்தான் முதலில் காட்டினேன். கோவிலின் நடுவே குறுக்குத் தடுப்பாக ஒரு மரக்கிராதி. அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள், பின்னால் மரியாளின் சேரி ஜனங்கள். எல்லாருக்கும் ஒரே சாமி. இதைத் திருச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினால் எங்கள் தெருவே என்மேல் பாயும் என்று பெருமையாகச் சொன்னேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கிராதியை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு முகத்தின் மேல் விரலை வைத்தாள்.

"எங்கம்மாங்க. செத்துப்போயி ஒரு மாசம் ஆவுது. வேற படமே கெடையாது."

நான் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தேன்.

"மூஞ்சில இருக்குற அம்மைத் தழும்பையெல்லாம் பென்சிலால மறைச்சுடுவீங்களாமே. இந்தக் கிராதியையும் மறைச்சுக் குடுங்க. வூட்டுல மாட்டணும். அங்கயுமா எங்கம்மா இதுக்குப் பின்னாடி உக்காந்திருக்கணும்?"

சரி என்றேன்.

பத்திரிகைக்கான பிரதியை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். கண்ணாடி நெகடிவ் விளக்கடியில் இருக்கிறது. பென்சிலையும் சீவிவிட்டேன். கிராதி மறைந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் ஒதுங்கி உட்கார்ந்து இடைவெளியாக விட்டிருக்கும் வெறுந்தரையை எந்தப் பென்சிலால் நிரப்புவது?

அந்தத் தரையில் மரியாள் வந்து உட்காருவதை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்குக் காமிராவே வேண்டாம்.